அத்தை கொடுத்த சமையல் புத்தகம்: பைண்டிங் செய்வதா, மதினிக்குக் கொடுப்பதா?

பாளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இது சமையல் கேள்வியா குடும்பக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை, தப்பான பகுதியில் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

என்னிடம் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் ஒன்று இருக்கிறது. மீனாட்சி அம்மாள் எழுதி 1951ல் முதலில் வந்ததே, அதுதான். என்னிடம் இருப்பது எழுபதுகளில் அச்சடித்த பிரதி. என் அத்தைக்கு (அப்பாவின் அக்கா) 1974ல் கல்யாணமானபோது அவர் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை பரிசாகக் கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அத்தை தூத்துக்குடிக்காரர், மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அவருக்குப் போய்க் கவுச்சி வாடையே படாத சைவப் புத்தகம். அதனால் என்ன, கடைசியில் இருந்த வெற்றுப் பக்கங்களிலும் பின்னட்டையின் உள்பக்கத்திலும் சீலா மீன் குழம்பு, நண்டு, இறால் தொக்கு என்று எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதி வைத்துவிட்டார். வாக்கப்பட்டு வந்த பாளையங்கோட்டைப் பக்கத்துச் சமையலும் அதே இடத்தில்தான், சொதி (தேங்காய்ப்பால் குழம்பு), கூட்டாஞ்சோறு, உளுந்தம்பருப்புச் சோறு.

நான் பிளஸ் டூ இரண்டு வருஷமும் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தேன். 2003ல் வேலை கிடைத்துப் பெங்களூருக்குக் கிளம்பும்போது இந்தப் புத்தகத்தை ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி என் பெட்டிக்குள் அவரே வைத்தார். “ஓட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்கிடாதல” என்றார். அவ்வளவுதான், பெரிய வசனம் எதுவும் இல்லை.

புத்தகம் இப்போது இருக்கிற நிலையைச் சொல்கிறேன். முன்னட்டை எப்போதோ போய்விட்டது, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. சாம்பார் பக்கம் எண்ணெய் குடித்துக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகி, தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. ரசப்பொடிப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஓரமெல்லாம் அத்தையின் கையெழுத்து, முதலில் பென்சில், அப்புறம் நீல மை, அப்புறம் சிவப்பு. சிவப்பு எதற்கென்றால், அவர் டீச்சர் இல்லையா, விடைத்தாள் திருத்தும் பேனாவால் தான் செய்த ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டிருக்கிறார். மைசூர்பாகுக்கு நேரே “2/10. மீண்டும் செய்க”. அதற்குக் கீழே இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளித் தேதி, “7/10. சீனி கொஞ்சம் குறை”. வத்தக்குழம்புக்கு “9/10”, பக்கத்தில் “மாமாவுக்கு 10”. எங்கேயும் முழுசாகப் பத்து கிடையாது, இந்த மாமா கொடுத்ததைத் தவிர.

அத்தை போன ஆவணியில் தவறிவிட்டார்.

இப்போது பிரச்சினை இரண்டு. முதலாவது, முதுகு விட்டுப்போய்ப் பக்கங்கள் கையோடு வருகின்றன. எங்கள் தெருவில் இருக்கும் பைண்டர் “ஓரத்தைச் சீவிட்டு, காலிகோ துணி போட்டு, புதுசு மாதிரி கொடுத்துடறேன், 250 ரூபாய்” என்கிறார். புதுசு மாதிரி என்ற வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது, அத்தை மகள் இந்தப் புத்தகத்தைக் கேட்கிறார். (ரத்தினம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், மதினி என்றுதான் கூப்பிடுவேன்.) நியூஜெர்சியில் இருக்கிறார். “அம்மா கையெழுத்துன்னு என்கிட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்ல, எல்லாம் போன்ல பேசினதுதான். உன்கிட்ட இருக்கிற புத்தகத்தக் கொடுத்துடேன்” என்று பதினைந்து நாளுக்கு முன்னால் கேட்டார். நான் “பார்ப்போம் மதினி” என்று மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அவரிடமிருந்து போன் இல்லை.

அண்ணன் “உனக்குக் கொடுத்தது உன்னுது” என்கிறான். மனைவி “பெத்த பொண்ணு கேட்கிறப்போ இதிலென்ன யோசனை” என்கிறாள். எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது, அதுதான் சிக்கல். இருபது வருஷத்துக்கு மேல் நான் சமைத்ததெல்லாம் இதைப் பார்த்துத்தான். யாராவது இப்படி ஒரு நிலையில் இருந்திருந்தால் சொல்லுங்கள்.

தாளிப்பு67

நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையில் புதுப் பதிப்பு கிடைக்கிறது, எல்லாப் பாகமும். ஒரு செட் வாங்கி நீங்கள் வைத்துக்கொண்டு, பழசை மகளுக்கு அனுப்பிவிடுங்கள். சமையலுக்கு வேண்டியது அச்சில் இருக்கிறது, உங்களுக்கு அது போதும். அவருக்கு வேண்டியது ஓரத்தில் இருக்கிறது.

என் மாமியார் போனபோது அவருடைய அஞ்சறைப்பெட்டிக்கு மூன்று மருமகள்களும் அடித்துக்கொண்டோம். நகைக்குக்கூட அவ்வளவு பேச்சு இல்லை. கடைசியில் எடுத்துக்கொண்டு போனது நான்தான், ஆனால் இரண்டாவது ஓரகத்தி எட்டு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டி பரணில் கிடக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

மைதாபசை

பைண்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை கொடுக்காதீர்கள்.

நான் முப்பது வருஷம் அச்சகத்திலும் பைண்டிங்கிலும் இருந்தவன். “ஓரத்தைச் சீவிட்டு” என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு கால் அங்குலம் எடுப்பார். அப்போதுதான் விளிம்பு சமமாக இருக்கும், அழகாக இருக்கும். உங்கள் அத்தையின் மார்க்கெல்லாம் எங்கே இருக்கிறது? அந்தக் கால் அங்குலத்தில். அது குப்பைக்கூடையில் வழுவழுவென்று நூல் நூலாக விழும். தப்பு அவர்மீது இல்லை, எங்கள் தொழிலில் விளிம்பு நேராக இருப்பதுதான் நல்ல வேலை, வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். நானே ஒருவருடைய தாத்தாவின் கணக்குப் புத்தகத்தை இப்படிச் சீவிவிட்டு, அவர் வந்து பார்த்து ஒன்றுமே பேசாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். முதுகு போன புத்தகத்துக்குச் சுலபமான வழி பக்கத் தையல். இடது ஓரத்தில் துளை போட்டு மேலிருந்து கீழாக ஒரே தையலாக இழுத்துவிடுவார்கள். உறுதியாக இருக்கும், ஆனால் அப்புறம் புத்தகம் விரியாது, உள் ஓரத்தில் எழுதியது தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துக் காகிதம் மரக்கூழ்க் காகிதம், வருஷம் ஆக ஆகக் காகிதத்திலேயே புளிப்பு ஏறி மஞ்சளாகி மொறமொறவென்று ஆகிவிடும், தையல் போட்ட இடத்தில் தபால்தலைத் துளை மாதிரிக் கிழிந்து வரும். செய்வதாக இருந்தால் ஃபாரம் ஃபாரமாக (ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுதான் ஃபாரம்) பிரித்து, ஒவ்வொரு ஃபாரத்தின் நடுமடிப்பில் மட்டும் ஊசி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஓரத்தை வெட்டவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், வாயால் சொன்னால் பையன் மறந்துவிடுவான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் தைக்கவே மாட்டேன். கெட்டி அட்டையில் புத்தக அளவுக்கு ஒரு பெட்டி செய்து, உதிர்ந்த பக்கங்களை வரிசைப்படி அடுக்கி அப்படியே வைத்துவிடுவேன். செலோ டேப் ஒட்டாதீர்கள், ஐந்தாறு வருஷத்தில் டேப் உரிந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகக் காகிதத்துக்குள் இறங்கி அங்கேயே இருக்கும். லேமினேஷனும் வேண்டாம், சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. பின்னூசி, கிளிப் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள், துரு தின்றுவிடும். நாங்கள் பைண்டிங் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்போம், ஆனால் அதைப் பழைய காகிதத்தில் பூசினால் காகிதத்துக்கும் கேடுதான்.

இராமபாணம் (காகிதத்தைத் துளைக்கும் பூச்சி) இருக்கிறதா பாருங்கள், ஊசியால் குத்தின மாதிரித் துளைகள். இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நூலகங்களிலும் செய்கிற வேலைதான். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்து, குளிர் போனபிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். நீல மை என்றீர்களே, அது பேனா மை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், எழுத்து கலைந்துவிடும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் புத்தகம் மட்டுமல்லாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பிறர் தூக்கிப் போடுவதையும் சேர்த்துவைத்தார். அதை வைத்துத்தான் 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. அதனால் எண்ணெய்க்கறை படிந்த புத்தகம்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மதினி விஷயம் எனக்குத் தெரியாது. அது பசையால் ஒட்டுகிற சமாசாரம் இல்லை.

வட்டுக்கோட்டையாள்

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கோ. யாருக்குப் புத்தகம் என்பதைப் பிறகு பாருங்கோ, இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அந்த அக்காவுக்கு அனுப்புங்கோ. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

ஏன் சொல்லுறேன் என்றால், எங்களிடம் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவிடம் ஒரு கொப்பி இருந்தது, அச்சடித்த புத்தகம் இல்லை, அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதின சிவப்பு மட்டைக் கொப்பி. 1995 ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்கி வர, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நாங்களும் நடந்தோம். மழை. உடுப்பு, பத்திரங்கள், பிள்ளைகளின்ரை சேர்ட்டிபிக்கட் என்று கையில் அகப்பட்டதை எடுத்தோம். குசினிக்குள்ளே போய்ச் சமையல் கொப்பியைத் தேட யாருக்குத் தோன்றும்? ஆறு மாதத்தால் திரும்பி வந்து பார்த்தபோது கூரையே இல்லை.

பிறகு ரொறன்ரோ வந்து அம்மா நினைவில் இருந்து திரும்ப எழுதினா. ஒடியல் கூழ், சரக்குத் தண்ணி, பால் புட்டு எல்லாம் இருக்கு. ஆனால் முதல் கொப்பியில் அம்மம்மாவின்ரை சொல்லு இருந்தது, “புட்டு உதிரியாக வராட்டில் மாவில் பிழை, உன்னில் இல்லை” என்று ஒரு இடத்தில் எழுதியிருந்ததாம். இரண்டாவது கொப்பியில் அளவு மட்டும்தான் இருக்கு. அதுவும் எப்படி, “அரிசி மா 2 சுண்டு” என்று. சுண்டு என்றால் எங்கட வீட்டில் பழைய ரின்பால் பேணி (டின்பால் டப்பா). இங்கே பிறந்த என்ரை மகள் “அம்மா, எந்த ரின்? எத்தனை மில்லி?” என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? அந்தப் பேணியும் அந்தக் குசினியோடே போயிட்டுது.

உங்கட மதினி போன் எடுக்கேல்லை என்றால் நீங்கள் எடுங்கோ.

பாளைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மைதாபசை சார், பைண்டரிடம் கொடுக்கவில்லை, சத்தியமாக. நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் போய்ப் பார்த்தேன், மைசூர்பாகின் “மீண்டும் செய்க” விளிம்பிலிருந்து அரை விரல்கடைகூட இல்லை. ஒரு தடவை சீவினால் அத்தை அதோடு காலி.

தாளிப்பு67, கோபமில்லை. ஆனால் “உங்களுக்கு அச்சு போதும்” என்பது மட்டும் சரியில்லை. நான் அச்சைப் படித்ததே கிடையாது. அச்சில் ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்று இருக்கிறதை எல்லாம் அத்தை அடித்துவிட்டு மேலே “சி.ட.” என்று எழுதியிருக்கிறார், சின்ன டம்ளர். நான் அந்த சி.ட. கணக்கில்தான் வாழ்கிறேன்.

அதிலும் ஒரு வருத்தம் உண்டு. மற்ற எல்லாம் ஓரளவுக்கு வந்துவிட்டது, சொதி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அத்தை வீட்டுச் சொதியாக வரவில்லை. “பா.பருப்பு 1 சி.ட., மூன்றாம் பால் 4 சி.ட., ரெண்டாம் பால் 2, தலைப்பால் 1. தலைப்பால் ஊத்தினா கொதிக்க விடாதே. எலுமிச்சை இறக்கினப்புறம்” என்று தெளிவாக இருக்கிறது. அப்படியேதான் செய்கிறேன், தண்ணீராக ஓடுகிறது. தேங்காய் மட்டும் “2” என்று இருக்கிறது, பெரிய காயாகப் பார்த்தே வாங்குகிறேன். பெங்களூர்த் தேங்காயில் சத்து இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால்படி

ரூபாய் எடை என்று படித்ததும் உள்ளே வந்தேன். வயதானவன், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் வெள்ளி ரூபாய்க் காசைத் தராசில் வைத்தே நிறுப்பார்கள். ஒரு ரூபாய் எடை ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், ஏறக்குறைய 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1 கிலோ 400. கிராம் கிலோ கணக்கு 1958ல் வர ஆரம்பித்து 1962க்குள் கட்டாயமானது, ஆனால் கடையில் மாறினது அடுப்படியில் மாறவில்லை. என் அம்மா கடைசிவரைக்கும் கத்திரிக்காயை வீசைக் கணக்கில்தான் கேட்டார், கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் ஒன்றரைக் கிலோ போடுவார்.

எடையாவது பரவாயில்லை. முகத்தல் அளவைதான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. இது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. படி மாறினால் ஆழாக்கும் மாறும். அதனால்தான் விவரமான பெண்கள் ஆழாக்கை நம்பாமல் வீட்டில் இருக்கிற ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் அத்தை செய்தது அதுதான். கெட்டிக்காரி.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான் தம்பி. நீங்கள் சி.ட. என்று எதை வைத்து அளக்கிறீர்கள்? உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரா? காப்பி டம்ளரில் 120 மில்லி பிடிப்பதும் இருக்கிறது, 250 பிடிப்பதும் இருக்கிறது. பாசிப்பருப்பு கூடினால் குறைந்தால் சமாளிக்கலாம். தேங்காய் இரண்டே இரண்டு, பாலை மட்டும் பெரிய டம்ளரில் ஆறு ஏழு தடவை எடுத்தால் கடைசியில் வருவது தேங்காய் கழுவின தண்ணீர்தானே. பெங்களூர்த் தேங்காய் என்ன பாவம் செய்தது?

அந்த டம்ளர் எங்கே?

கவுச்சிப்பிரியன்

எல்லாரும் சொதியையே பேசுகிறீர்கள். சைவப் புத்தகத்தின் பின்னட்டையில் சீலா குழம்பு எழுதின அத்தைக்கு என் தனி வணக்கம். சென்னைக்காரர்களுக்காகச் சொல்கிறேன், சீலா என்றால் வஞ்சிரம்தான், தூத்துக்குடியில் வஞ்சிரம் என்று கேட்டால் “சென்னையா” என்று விலையை ஏற்றிவிடுவார்கள். அண்ணே, அந்தக் குழம்புக்கு அத்தை எத்தனை மார்க் போட்டார், அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே.

பாளைக்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது.

கால்படி ஐயா கேட்டதும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆமாம், எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்தான், கல்யாணத்துக்கு வந்தது, 220 மில்லி. அத்தை வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்த்தேன், அரிசிப் பானைக்குள் எப்போதும் ஒரு பித்தளை டம்ளர் கவிழ்ந்து கிடக்கும், விளிம்பில் ஒரு நசுங்கல். அதை எத்தனை நாள் நானே எடுத்து அரிசி அளந்திருப்பேன், புத்தகத்தில் இருக்கிற சி.ட. அதுதான் என்று இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. நான் பிளஸ் டூ முடித்துக் காலேஜ் போனபிறகு ஒரு லீவுக்கு வந்தபோது அரிசிப் பானையில் ஒரு பிளாஸ்டிக் கப் கிடந்ததும் நினைவுக்கு வந்தது.

சரி என்று மதினிக்கு முதலில் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன், வட்டுக்கோட்டை அக்கா சொன்ன மாதிரி ஜன்னலோரம் வைத்து, மொத்தம் இருநூற்றுச் சொச்சம் படம், ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் “மதினி, அந்தப் பித்தளை டம்ளர் என்ன ஆச்சு?” என்று ஒரு வரி. இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. அங்கே அப்போது விடிகாலை நாலரை.

டம்ளர் அவரிடம்தான் இருக்கிறது. 2000த்தில் மதினி அமெரிக்கா கிளம்பும்போது அத்தை குக்கருக்குள் அந்த டம்ளரை வைத்து, டம்ளருக்குள் மஞ்சள்தூளைப் பொட்டலமாகக் கட்டி வைத்து அனுப்பியிருக்கிறார். இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாராம்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மதினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “புத்தகத்தையும் அம்மா எனக்குத்தான் முதல்ல வச்சா. அதே தலகாணி உறதான். பெட்டிக்கு முப்பத்திரெண்டு கிலோ, எடை கூடிப்போச்சு, நான்தான் ‘இதெல்லாம் எதுக்கும்மா, நெட்ல பாத்துக்கிடுதேன்’னு வெளிய எடுத்துப் போட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல.”

மூன்று வருஷம் அது உறையோடு அப்படியே அலமாரியில் இருந்திருக்கிறது போல. அப்புறம்தான் எனக்கு வந்திருக்கிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே “இரு, வீட்ல தராசு இருக்கு” என்று எழுந்து போனார். டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து நிறுத்தால் 148 கிராம். அதாவது ஏழு டம்ளர் பாலில் நான் அரை லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், இருபது வருஷமாக.

ஞாயிற்றுக்கிழமை 148 கணக்கில் சொதி வைத்தேன். மதினி வீடியோவில் இருந்தார். இஞ்சிப் பச்சடியும் வைத்தேன், தேங்காய்ப்பால் செரிக்க அது வேண்டும் என்று அத்தை ஓரத்திலேயே எழுதியிருக்கிறார். நிறம் சரி, வாசம் சரி, கெட்டி சரி. உப்பு கொஞ்சம் தூக்கல். மதினி “எட்டு போடு” என்றார். நான் இதுவரை அந்தப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்ததில்லை, கை வரவில்லை என்றேன். “பென்சில்ல போடு, அம்மாவும் பென்சில்லதானே ஆரம்பிச்சா” என்றார். போட்டேன். சிவப்பு மை அத்தைக்கு மட்டும்.

கவுச்சிப்பிரியன், சீலா குழம்புக்கு 9½. பக்கத்தில் “அம்மா கைப்பக்குவம் இல்லை” என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார்.

புத்தகம் யாருக்கு என்று நாங்கள் இன்னும் பேசவில்லை. மதினியும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மார்கழியில் வருகிறார், டம்ளரோடு. அதனால் மைதாபசை சாரிடம் ஒரு கேள்வி. புத்தகம் இருபத்திரண்டு செ.மீ. நீளம், பதினாலு அகலம், கனம் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் சொன்ன அட்டைப் பெட்டியை அந்த டம்ளரும் ஒரு ஓரத்தில் உட்கார்கிற மாதிரிச் செய்ய முடியுமா, இல்லை பித்தளை பக்கத்தில் இருந்தால் காகிதத்துக்கு ஆகாதா?